ஒரு நூல் பச்சை

கண்ணு, கோவிச்சுக்காதீங்க, உங்க முழங்கையைச் சித்த அக்கட்டால வெச்சுக்கறீங்களா? பொட்டணத்து மேல படுது. பழைய பெட்சீட்டைச் சுத்தியிருக்கறதால துணிமூட்டைன்னு நெனைச்சிருப்பீங்க. துணியில்லீங்க, போட்டோ. கண்ணாடிச் சட்டம் போட்டது. மேல வெச்சுருங்கம்மான்னு கண்டக்டரு அப்பவே சொன்னாரு. அவருக்கென்ன, சொல்லுவாரு. பஸ்ஸு ஒரு குழியில எறங்கி ஏறுனா யாரு தலையிலயாவது வந்து விழும். மடியிலயே இருக்கட்டும். கோயமுத்தூரு வரைக்கும் நானே புடிச்சுக்குவேன்.

இல்லீல்ல, இப்பப் பிரிச்சுக் காட்ட மாட்டேன். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எங்கூட்டுக்காரரோடது. நான் சும்மா தூக்கிட்டு வர்றவ.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஜாக்கெட்டுத் துணி எங்க எடுத்தீங்க? சேலை வெங்காயக் கலரு. ஜாக்கெட்டுல ஒரு நூல் ரோஸ் அடிக்குது. கடைக்குள்ள டியூப்லைட்டு வெளிச்சத்துல ரெண்டும் அக்கா தங்கச்சியாட்டத்தான் இருந்திருக்கும். வெளிய கொண்டாந்து வெயில்ல புடிச்சுப் பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. எங்க கடையில வாசப்படி தாண்டி வெயில்ல புடிச்சுப் பாக்காம ஒரு பிட்டுத் துணி கத்தரிக்கு வராது. கோபியில எறங்கி, பூங்கோதை மேட்சிங் சென்டர்னு யாரை வேணாலும் கேளுங்க. பூங்கோதை நாந்தான். பரவால்ல விடுங்க, கல்யாண ஊட்டுல யாரு பாக்கப் போறாங்க. நான் வந்தாப் பாப்பேன். மத்தவங்க பாக்க மாட்டாங்க.

அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, சந்தனக் கலரு சட்டை. சந்தனம்னு அவரு சொல்லிக்கறாரு, அது பிஸ்கட் கலரு. அவருதான் எங்கூட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. பால் சொசைட்டியில செயலாளரா இருந்து ரிட்டையர்டு ஆனவரு. சேர்ந்தாப்புல ரெண்டு சீட்டு கெடைக்கல. கெடைச்சிருந்தாலும் நான் போய்ப் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன். கோவம். எதுக்குக் கோவம்னு சொல்றேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. எனக்கு எச்சாப் பேச வராது, சுருக்கமாச் சொல்லீர்றேன்.

ரிட்டையர்டு ஆன புதுசுல மனுசன் ஊட்டுல ஒரு நாற்காலியைப் போட்டுச் செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தாரு. அப்பறம் கடைக்கு வர ஆரம்பிச்சாரு. கல்லாப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கறது. லைனிங்கு, உள்பாவாடை எடுக்க வர்ற பொம்பளைங்க ஒரு ஆம்பளையைப் பாத்தாக் கூச்சப்படுவாங்களா மாட்டாங்களா? அதோட, நான் ஒருத்தருக்கு அரக்கு எடுத்துப் போட்டா, இவரு பக்கத்துல இருந்துட்டு, "இந்த மெரூன் நல்லா இருக்குதே"ம்பாரு. அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் மேட்சிங் சென்டர்ல உக்காரலாமா? நாளையில இருந்து வராதீங்கன்னு சொல்லீட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. ஸ்டூலைத் தூக்கி உள்ள போட்டுட்டேன். அது வேற எடத்தை அடைச்சுட்டு இருந்துச்சு.

அதுக்கப்பறந்தான் கேமரா. பையன் ஓசூர்ல இருக்கறான், அவன் வாங்கிக் குடுத்தது. அதுலயும் பாருங்க, கலர்ல படம் எடுக்க மாட்டாராமா. கருப்பு வெள்ளைதானாம். ஏனுங்க, கலர்லயே பொழைக்கற பொம்பளையைக் கட்டீட்டுக் கருப்பு வெள்ளையில எடுக்கறேன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நான் கேக்கல. நான் அவரு விசயத்துல தலையிடறதே இல்ல. மாடி ரூமுல துணி தேய்க்கற மேசை அளவுக்கு ஒரு பிரிண்டரை வாங்கி வெச்சாரு. பொழுதுக்கும் அதுங்கூடத்தான். சோத்துக்குக் கூப்பிட்டா எறங்கி வருவாரு, மோர் ஊத்திச் சாப்பிட்டதும் ஏறிப் போயிருவாரு. நானும் கடை முடிஞ்சு வந்து, சமைச்சு, டிவி பாத்துட்டுப் படுத்துருவேன். "கேஸ் வந்துச்சா, கரண்டு பில்லு கட்டியாச்சா", அவ்வளவுதான் எங்க பேச்சு. நிம்மதியாத்தான் இருந்துச்சு.

போன வருசம் கோயமுத்தூர்ல போட்டோக்காரங்க சங்கம் ஒண்ணு கண்காட்சி வெச்சாங்க. கருப்பு வெள்ளை மட்டும். இவரு பால் கேனுகளை வரிசையா அடுக்கி வெச்சு எடுத்த படத்தைப் பிரிண்டு போட்டு எடுத்துட்டுப் போனாரு. மாடி ரூமு பல்பு வெளிச்சத்துல நல்லாத்தான் இருந்துச்சு. கண்காட்சி நடக்கற கல்யாண ஹால்ல கொண்டு போய் மாட்டுனா, பச்சை. கருப்பு வெள்ளைப் படம், அதுல பச்சை எங்கிருந்து வந்துச்சுன்னு இவருக்குப் புரியல. அங்க ஒருத்தரு பாத்துட்டு, "ஏனுங்க, கேனெல்லாம் பாசி புடிச்சிருக்குதே, கழுவ மாட்டீங்களா?"ன்னு கேட்டுட்டாராமா. யாரைப் பாத்து! ஒரு கேனுல ஒரு பொட்டு வாடை வந்தாக்கூட அந்தப் பாலை உள்ள விடாத மனுசனைப் பாத்து! சங்கத்துக்காரங்க என்ன பண்ணுனாங்க, படத்தைத் தூக்கிக் குடிதண்ணிக் கேன் வெச்சிருக்கற மூலையில மாட்டிட்டாங்க. கேனோட கேனா இருக்கட்டும்னு நெனைச்சாங்களோ என்னமோ.

நான் சிரிச்சுட்டேன். அப்ப சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா அவரு சிரிக்கல. "அடுத்த வருசம் ஒரு தடவை பாக்கறேன். அதும் பச்சையடிச்சா கேமரா, பிரிண்டரு எல்லாத்தையும் வித்துப் போட்டுர்றேன்"னாரு. "வித்துப் போட்டு என்ன பண்ணுவீங்க?"ன்னேன். "என்ன பண்றது, பேசாம உக்காந்திருப்பேன்"னாரு. அந்த நாற்காலி ஞாபகம் வந்துச்சுங்க எனக்கு. அவரு செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தது. அப்பறம் கடைக்கு நேரமாயிருச்சு, போயிட்டேன்.

இந்த வருசம் மார்கழியிலதான் நான் மாட்டுனேன். மார்கழியில எவங்க கல்யாணம் வெக்கறாங்க? கடையில ஈ ஓட்டிட்டிருந்தேன். ஒருநாள் வெள்ளனே ஊட்டுக்கு வந்துட்டேன். மாடியில இருந்து, "அம்மிணி, சித்த வந்துட்டுப் போறியா?"ன்னு சத்தம். போனா, கையில ஒரு பிரிண்டு. எங்க கடை. செவுரு பூராவும் அடுக்கியிருக்கற ஜாக்கெட்டுத் துணி அலமாரி இருக்குதுல்ல, கிளிப்பச்சையில இருந்து கத்திரிப்பூ வரைக்கும், அத்தனையும் சாம்பலா நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அத்தனை கலரையும் இப்படிப் பண்ணி வெச்சிருக்கறாரேன்னு. முன்னால வாசப்படியில நான் நிக்கறேன். ஒரு பிட்டைச் சேலை மேல வெச்சு வெயில்ல புடிச்சுப் பாத்துட்டிருக்கறேன். அது தற்செயல். அலமாரியை எடுக்கறப்ப நான் குறுக்க வந்துட்டேன்.

"என்ன கலரு தெரியுது?"ன்னாரு.

"பச்சை"ன்னேன். "என் கன்னத்தைப் பாருங்க, காமாலைக்காரியாட்டம். கருப்பு வெள்ளைன்னீங்க?"

"எனக்குத் தெரியலியே"ன்னாரு.

அப்பறம் வெவரம் சொன்னாரு. அந்த மெசினு கருப்பைக் கருப்பு மையில போட்டாலும், நடுவுல வர்ற சாம்பலை எல்லாம் நீலம், செவப்பு, மஞ்சள் கலந்துதான் போடுமாமா. அதுல ஒண்ணு ஒரு துளி எச்சாப் போனாப் படம் பூராவும் அந்தப் பக்கம் சாஞ்சிருமாமா. இதை எனக்குச் சொல்லோணுமா? சாயப்பட்டறைக்காரனுக்கு இதுதானே பொழப்பு. எங்க கடையில கருப்புன்னு கேட்டா, "எந்தக் கருப்பு?"ன்னு திருப்பிக் கேப்போம். நீலம் ஓடுன கருப்பு இருக்குது, செவப்பு ஓடுனது இருக்குது, பச்சை ஓடுனது இருக்குது. சாம்பல் அதை விட மோசம். சாம்பக் கலருச் சேலைக்கு மேட்சிங்கு கேட்டு யாராவது வந்தா நானே நாலு தடவை வாசப்படிக்குப் போயிட்டு வருவேன்.

"ரெண்டு நிமிசம் இருந்து பாத்துச் சொல்லிட்டுப் போ"ன்னாரு. சரி, மனுசன் கேக்கறாரேன்னு உக்காந்தேன். மார்கழி பூராவும் உக்காந்திருந்தேன்.

மொதல்ல கருப்பு மை மட்டும் போட்டுப் பாத்தாரு. கலரே வேண்டாம், பச்சை எங்கிருந்து வரும்னு. பச்சை வரல. ஆனா எம்மூஞ்சி பூராவும் ரவையைக் கொட்டுன மாதிரிப் பொரிப்பொரியா வந்துச்சு. எடுங்க அதைன்னுட்டேன். அப்பறம் சாம்பல்லயே தனித்தனி மை வர்ற மாதிரி மெசினை மாத்துனாரு. அதுல, கம்ப்யூட்டர்ல ஒரு வட்டம் வருதுங்க. வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி. புள்ளியை இக்கட்டால நவுத்துனாப் பச்சை, அக்கட்டால நவுத்துனாச் செவப்பு. நட்டநடுவுல வெச்சா ஒண்ணும் வரக்கூடாதுல்ல? வரும். காயிதம் அப்படி. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு அவரு வாங்கி வெச்சிருந்த காயிதம். தொட்டுப் பாத்ததும் சொல்லீட்டேன், இதுல சொட்டு நீலம் போட்டிருக்கறான்னு. வெள்ளை வேட்டிக்குப் போடறது தெரியும்ல, அந்த மாதிரி. டியூப்லைட்டுல ஒரு வெள்ளை, வெயில்ல ஒரு வெள்ளை காட்டும். நான் வெள்ளை லைனிங்கு வாங்கறப்ப மொதல்ல அதைத்தான் பாப்பேன். "நீலம் போடாத பருத்திக் காயிதம் இருந்தா வாங்குங்க"ன்னேன். இருக்குதாமா. வரவழைச்சாரு. அப்பறம், பிரிண்டு எடுத்த ஒடனே பாக்காதீங்க, காயட்டும், சாயம் காஞ்சாத்தான் கலரு சொல்லும்னேன். அதையும் கேட்டுக்கிட்டாரு. நான் தலையிடலீங்க. கேட்டாரு, சொன்னேன்.

ஒரு நாள் மாடி ரூமுச் செவுரு ரோஸ் கலர்ல இருக்குதே, அந்தக் கலரு படத்து மேல அடிக்குதேன்னேன். மறுநாள் ஆளைக் கூட்டிட்டு வந்து சாம்பக் கலரு அடிச்சுட்டாரு. அப்பவும் கன்னத்துல செவப்பு. என்னடான்னு பாத்தா, நான் கட்டியிருந்த அரக்குச் சேலை. அதோட நெறம் படத்து மேல அடிக்குது. "அம்மிணி, நீ சாம்பக் கலருச் சேலை ஒண்ணு கட்டிட்டு வந்தா..."ன்னு இழுத்தாரு. என்னைய! நான் சாம்பக் கலர்ல சேலை கட்டி எங்க சொந்தத்துல ஒருத்தரும் பாத்ததில்லீங்க. சரி, காரியம் ஆகோணுமேன்னு ஒண்ணு எடுத்துக் கட்டுனேன். ஜாக்கெட்டும் அதே கலரு. நெத்திப் பொட்டு மொதக்கொண்டு சின்னதா வெச்சுக்கிட்டேன்.

அன்னைக்குப் பாத்து எங்க சித்தப்பன் மக ருக்மணி வந்துட்டா. நான் மாடியில இருந்து எறங்கறேன். அவ என் சேலையைப் பாக்கறா, நெத்தியைப் பாக்கறா, திறந்து கெடந்த கதவு வழியா மேல சாம்பக் கலருச் செவுத்தைப் பாக்கறா. அவ கையில இருந்த தேங்கா பழப் பை கீழ விழுந்துருச்சு. "அக்கா... மச்சானுக்கு என்னக்கா ஆச்சு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேக்கா"ன்னு என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுகறா. நான் என்ன ஏதுன்னு சொல்றதுக்குள்ள, மேல இருந்து இவரு, "அம்மிணி, இப்ப வந்து பாரு, பச்சை போயிருச்சு!"ன்னு கத்தறாரு. ருக்மணி அப்படியே படியில உக்காந்துட்டா. அவளுக்குத் தண்ணி குடுத்து ஆளாக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு.

பச்சை போகலீங்க, அது வேற விசயம்.

நான் என்ன பண்ணுவேன்னா, ஒவ்வொரு பிரிண்டும் காஞ்சதும் எடுத்துட்டு ஓடுவேன். மொட்டை மாடி வெயில்ல ஒருக்கா, அடுப்படி டியூப்லைட்டுல ஒருக்கா, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி பல்புல ஒருக்கா. பிரிட்ஜைத் திறந்து அந்த லைட்டுலயும் பாப்பேன். இவரு பின்னாலயே வருவாரு. வெயில்ல சரியா இருந்தா டியூப்லைட்டுல பச்சை. டியூப்லைட்டுல சரியா இருந்தா வெயில்ல வெங்காயக் கலரு. "போதும் அம்மிணி, ஓரளவுக்கு வந்துருச்சு"ம்பாரு. ஓரளவா? "ஓரளவுக்கு மேட்சிங்கு"ன்னு சொல்லி எந்தக் கடையிலயாவது துணி விப்பாங்களா? மறுபடி போடுங்கம்பேன். அவரு பைத்தியத்துக்கு என்னையும் ஆட்டி வெச்சாரு பாருங்க.

கடைசியில எனக்குத்தான் தோணுச்சு, எல்லா லைட்டுலயும் பாத்து என்ன பண்றது, கண்காட்சி வெக்கற ஹாலு லைட்டு எதுவோ அதுல பாக்கோணும்னு. தை பொறந்ததும் ஒருநாள் ரெண்டு பேரும் இதே பஸ்ஸுல போனோம். ஹால்ல அன்னைக்கு ஒரு அறுபதாம் கல்யாணம். வாசல்லயே ஒருத்தரு கும்புட்டு, "வாங்க வாங்க"ன்னாரு. இவரு நேர்மையான மனுசன், பொய் சொல்ல வராது. "நாங்க லைட்டு பாக்க வந்தமுங்க"ன்னுட்டாரு. "அப்பாடா, வந்துட்டீங்களா, மேடைக்குப் பின்னால ஒண்ணு எரியலீங்க"ன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. இவரும் ஏணியில ஏறி ஹோல்டரைத் திருகி எரிய வெச்சுட்டாரு. அந்த நேரத்துல நான் மேடை லைட்டுக்கு நேரா நின்னு பிரிண்டைப் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு நூல் பச்சை. ஒரே ஒரு நூல்தான். அதே பல்பு எங்க கெடைக்கும்னு பேரைக் குறிச்சுக்கிட்டேன். அப்பறம் விடுவாங்களா, பந்தியில உக்கார வெச்சுட்டாங்க. பக்கத்துல பக்கத்துல இலை. பருப்புல உப்புக் கம்மி. இவரு சாப்பிடாம மேடையையே பாத்துட்டிருந்தாரு. அந்த அம்மாளுக்கு அந்தப் பெரியவரு மாலை போட்டுட்டிருந்தாரு. லைட்டு எப்படி விழுகுதுன்னு பாக்கறாராட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். எங்களுக்கும் அறுபதாங் கல்யாணம் நடந்திருக்கோணும். அப்பப் பாத்து முகூர்த்தக் கூட்டம், கடையை விட்டு வர முடியல, தள்ளி வெச்சோம். அப்படியே போயிருச்சு. இவரு அதெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளில்ல.

அவினாசி தாண்டியாச்சா? சரி, இனித்தான் விசயமே.

பல்பு வாங்கி மாடியில மாட்டுனோம். தைப்பூசம் வந்துச்சு. அன்னைக்கு நான் மாடிக்குப் போறேன், இவரு பஞ்சாமிர்தம் தின்ன கையோட ஒரு பிரிண்டோட ஓரத்தைத் தொட்டிருக்கறாரு. வெள்ளை ஓரத்துல கட்டைவெரலு கணக்காப் பதிஞ்சிருக்குது. "பருத்திக் காயிதத்தை இப்படிப் பண்றீங்களே!"ன்னு சத்தம் போட்டேன். வெடுக்குனு பின்னால மறைச்சுக்கிட்டாரு. நானும் அதைச் சரியாப் பாக்கல. "இது வீணாப் போச்சு, வேற போடறேன்"னாரு. வேற போட்டாரு. பச்சை. மறுநாளும் பச்சை. ஒருநாள் ஒரு நூலு, ஒருநாள் ரெண்டு நூலு. தை மாசம், முகூர்த்த நேரம், கடையில கூட்டம் அம்முது. கடைப் பொண்ணு மல்லிகா போன் மேல போன் போடறா. "இதோ வர்றேன், ஒரு நூலுதான் பாக்கி"ம்பேன். வந்த கல்யாணப் பார்ட்டிங்க எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. போனாப் போறாங்கன்னு விட்டுட்டேன். நான்! மூட்டு வலியோட மேல ஏறி எறங்கறேன்னு, இவரு அந்தக் கடை ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து பிரிண்டரு பக்கத்துல எனக்குப் போட்டு வெச்சிருந்தாரு. மேல ஒரு மெத்தை தெச்சு. கடையில ஒண்ணுக்கும் ஒதவாத ஸ்டூலு.

போன வாரம் காப்பி எடுத்துட்டுக் காலையில மேல போறேன். கால்ல செருப்பில்ல, சத்தமில்ல. கதவு பாதி திறந்திருக்குது. இவரு ஒரு பிரிண்டை சன்னல்ல புடிச்சுப் பாக்கறாரு. அந்தப் பல்புக்குக் கீழ வெச்சுப் பாக்கறாரு. தலையை ஆட்டிக்கறாரு. எனக்கு வாசல்ல இருந்தே தெரியுது, அதுல ஒண்ணுமில்ல. பச்சையுமில்ல, செவப்புமில்ல. சுத்தமான சாம்பலு. என் வயசுக்கு நான் அப்படி ஒரு சாம்பலைப் பாத்ததில்லீங்க. "அட, வந்துருச்சே!"ன்னு கத்தப் போறேன். இவரு கம்முனு பீரோவைத் திறந்து அதை உள்ள வெச்சாரு. மறுபடி வந்து உக்காந்தாரு. அந்த வட்டம் இருக்குதுல்ல, வட்டம், அதுல புள்ளியைப் புடிச்சு வேணும்னே பச்சைப் பக்கம் நவுத்துனாரு. சித்த யோசிச்சாரு. இன்னும் ஒரு நூல் நவுத்துனாரு. மெசினு முனகி முனகிப் பிரிண்டைத் துப்புச்சு. எடுத்து மேசையில வெச்சுட்டு, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டுக் கூப்பிடறாரு: "அம்மிணி, சித்த வந்து பாரு, பச்சையடிக்குதா?"

காப்பி ஆறிப் போச்சுங்க என் கையில.

நான் என்ன பண்ணுனேன்? நாலு படி கீழ எறங்கி, அப்பத்தான் ஏறி வர்ற மாதிரி திம்முதிம்முனு ஏறுனேன். பாத்தேன். "ஒரு நூல் பச்சை"ன்னேன். "அப்படியா?"ன்னு மோவாயைத் தடவிக்கறாரு, ஒண்ணும் தெரியாத பாப்பாவாட்டம். "அப்ப நாளைக்கும் பாக்கோணும்"ங்கறாரு.

அவரு குளிக்கப் போனதும் பீரோவைத் திறந்தேன். ஒண்ணில்ல, ஒரு கட்டு. எல்லாம் சுத்தமான சாம்பலு. அடியில பாத்தா, பஞ்சாமிர்தக் கட்டைவெரலு! தைப்பூசத்துக்கே முடிஞ்ச வேலைங்க இது. தைப்பூசத்துல இருந்து மாசி வரைக்கும் என்னைய மேலுக்கும் கீழுக்கும் ஏத்தி எறக்கி, கடையைக் கெடுத்து, முகூர்த்தத்தைக் கெடுத்து!

எதுக்கு? நான் ரோசனை பண்ணிப் பாத்துட்டேன். வேற எதுக்கு, என் கண்ணைச் சோதிச்சுப் பாக்கறாரு. அரக்கு மெரூன் தெரியலைன்னு கடையை விட்டுத் தாட்டுனேன்ல, அதுக்குத்தான். இவளுக்கு நெசமாத் தெரியுதா, சும்மா சொல்றாளான்னு தெனமும் பரீச்சை வெச்சிருக்கறாரு. எனக்கு! ஏனுங்க, சிரிக்கறீங்க? இதுல சிரிக்க என்ன இருக்குது? வேற காரணமா? வேற என்ன காரணம் இருக்க முடியும்? இத்தனை வருசம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதது உங்களுக்கு ஒரு பஸ்ஸுல தெரிஞ்சுருச்சாக்கும்.

நானும் விடல. கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டா, "சரி, முடிஞ்சுது"ன்னு மெசினை மூடிப் போட்டுருவாரு. அப்பறம் நான் எங்க போயி பழி வாங்கறது? கம்முனு தெனமும் மேல போனேன். தெனமும் அவரு நவுத்துனாரு, தெனமும் நான் பச்சைன்னேன்.

நேத்துத்தான் படத்துக்குச் சட்டம் போட வேண்டிய நாள். மனுசன் அந்தப் பஞ்சாமிர்தப் பிரிண்டை எடுத்துட்டு வந்து, ஓரம் தெரியாம அட்டை வெச்சு, இப்பத்தான் போட்டேன்னு காட்டறாரு. "பாரு அம்மிணி. என்ன கலரு தெரியுது?"

பாத்தேன். ஹாலு பல்புல பாத்தேன். வெயில்ல கொண்டு போயிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அத்தனை சுத்தம். சந்தோசத்துல கண்ணு கலங்கிப் போச்சு, அவரு பாக்காம தொடைச்சுக்கிட்டேன். தொடைச்சுட்டுச் சொன்னேன்: "செவப்பு."

"செவப்பா?"

"ஒரு நூல். ஹாலு லைட்டுல அது தெரியாது, இந்த வருசத்துக்கு இது போதும். ஆனா என் கண்ணுக்குத் தெரியுது. கண்காட்சி முடியட்டும், மறுபடி முதல்ல இருந்து உக்காந்து பாக்கோணும். காயிதத்தையும் மாத்திப் பாக்கோணும். இன்னொரு வருசம் ஆகும்"னேன்.

பரீச்சை வெக்கறவருக்கு இது வேணும்ல? கெடந்து அல்லாடட்டும். இல்லாத செவப்பை எங்கிருந்து எடுப்பாரு? நானும் தெனமும் மாடி ஏறித்தான் ஆகோணும், மூட்டு வலிதான், என்ன பண்றது. கடையை மல்லிகா பாத்துக்குவா.

ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. செவப்புன்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிப் போகும்னு நெனைச்சேன். அந்த மனுசன் சிரிக்கறாருங்க. "அப்படியா அம்மிணி, இன்னொரு வருசமா"ன்னு, பொண்ணு பாக்க வந்தப்ப சிரிச்ச மாதிரி. போயி அந்த ஸ்டூலு மெத்தையை எடுத்துத் தட்டிப் போடறாரு. இதென்ன கெரகம்னு எனக்குக் கோவமாப் போச்சு. அந்தக் கோவத்துலதான் இங்க தனியா உக்காந்திருக்கறேன்.

பாக்கறீங்களா? சரி, இவ்வளவு நேரம் கேட்டீங்க. சித்த இந்த முனையைப் புடிங்க. சன்னலை நல்லாத் திறங்க, வெயில் நேரா விழுகட்டும். ம்.

என்னையப் பாக்காதீங்க கண்ணு, அலமாரியைப் பாருங்க. அலமாரிதான் படம். நான் குறுக்க வந்தவ. எல்லாரும் இதேதான் பண்றீங்க. சரி, கன்னத்தையே பாருங்க. நல்லாப் பாருங்க. செவப்பு இருக்குதா?

இல்லீல்ல? ஒரு நூல்கூட இல்லீல்ல?

மெதுவாப் பேசுங்க கண்ணு. திரும்பிப் பாக்கறாரு.